கீறல் மறைஞ்சது, மங்கல் போகலை: வேலூர்

வண்டி 2019 ஸ்விஃப்ட், மெட்டாலிக் நீலம். பின்கதவில் ஒரு சாண் கீறல், விழுந்து மூணு வாரம். தண்ணி தெளிச்சா பெரும்பகுதி மறைஞ்சது, அதாவது அங்கே கீறல் கிளியர் கோட்டில் (நிறத்துக்கு மேலே இருக்கிற நிறமில்லாத பூச்சு) மட்டும்தான். நடுவில் ரெண்டு அங்குலம் மட்டும் பிரைமர் (நிறத்துக்கு அடியில் இருக்கிற பூச்சு) வரைக்கும் போயிருந்தது.

கழுவி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைச்சு, அந்த ரெண்டு அங்குலத்தில் வண்டியோட கலர் நம்பர் பார்த்து வாங்கின டச்-அப் பெயின்ட் மெல்லிசா மூணு கோட், மேலே கிளியர். ஒரு வாரம் காயவிட்டு சோப்புத் தண்ணியில் 2000 நம்பர் உப்புத்தாள், அப்புறம் அதைவிட நைசான 3000. கடைசியா கையால் ரப்பிங் காம்பவுண்ட் (தேய்ச்சுப் பளபளப்பாக்குற பேஸ்ட்). சத்துவாச்சாரி வெயிலில் தகடு சுட்டா பெயின்ட் மேலே மட்டும் காய்ஞ்சு உள்ளே கரைப்பான் மாட்டிக்கும், அதனால் எல்லாம் விடியற்காலையில், நிழலில்தான்.

தேய்ச்ச தண்ணி வெள்ளையாத்தான் வந்தது, நீலம் இறங்கலை. அப்போ பழைய கிளியர் கோட் இன்னும் இருக்கு. ஆனா உள்ளங்கை அகலத்துக்கு மங்கல். சாய்வா டார்ச் அடிச்சா 2000 தாளோட நேர்க்கோடுகள் அப்படியே தெரியுது. டச்-அப் மேடும் விரலுக்குத் தட்டுது. கதவு விளிம்புக்குப் பக்கம், அங்கே கிளியர் மெல்லிசா இருக்கும்னுதான் பயம்.

மறுபடி 3000 தாள் போட்டு அந்தக் கோடுகளை எடுக்கணுமா, இல்லை தாளைத் தொடாம டூயல் ஆக்‌ஷன் பாலிஷ் மெஷினில் காம்பவுண்ட் போட்டாலே போயிடுமா?