காலில் காயம்: காற்றுப் பட விடுவதா, மூடிக் கட்டுவதா?

கொழுந்துக்கூடை:
கொழுந்து பறிக்கும் ஒருவருக்குக் கவ்வாத்து மிலாறு (வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி) கீறி, கணுக்காலுக்குச் சற்று மேலே உட்பக்கமாகக் காயம். இரண்டு வாரமாகிறது. ஆழமில்லை, ஐந்து ரூபாய்க் குற்றி அளவு. லயத்தில் எல்லோரும் "காத்துப் பட விடு, பொருக்குக் கட்டினா ஆறிடும்" என்று மஞ்சள்தூள் போடுகிறார்கள். தோட்ட டிஸ்பென்சரியில் மூடி வைக்கச் சொன்னார்கள். ஈரமாக வைத்தால் சீக்கிரம் ஆறும் என்று ஆய்வாளர் ஜோர்ஜ் வின்டரின் 1962 ஆய்வு சொல்கிறதாமே, நம்ம பக்கத்து மழைக்கு அது சரிவருமா? சீனி வருத்தம் இல்லை. பின்னேரத்தில் கால் வீங்குகிறது.

காயக்கட்டு:
டிஸ்பென்சரி சொன்னதுதான் சரி. வின்டர் இளம் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்தே விட்டார், சிலவற்றைப் பொலித்தீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் புதுத்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் பரவியது. திறந்த காயம் காயும்போது மேற்பரப்பு மட்டும் காய்வதில்லை. அடியிலுள்ள உயிர்த்தோலிலும் ஒரு படை செத்துப் பொருக்கோடு சேர்ந்துவிடும். ஓரத்திலிருந்து வரும் தோல் கலங்கள் ஈரம் தேடி அதற்கும் கீழே இறங்கி, வழி வெட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மூடிய காயத்தில் அந்த வேலை இல்லை. 1963இல் ஹின்மனும் மைபாக்கும் மனிதத் தோலிலும் இதையே காட்டினார்கள்.

ஆனால் அவை எல்லாமே சுத்தமான, புதுக் காயங்கள். சீழ் வைத்த காயத்துக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது.

பனிமூட்டம்:
அப்போ சொப்பிங் பேக்கைச் சுற்றி விடலாமா?

காயக்கட்டு:
வேண்டவே வேண்டாம்! ஈரம் வேறு, ஊறல் வேறு. பொலித்தீனுக்குள் வியர்வை வெளியேறாது. காயத்தைச் சுற்றிய தோல் வெள்ளையாகி, சுருங்கி, ஊறிப்போய் உரியும், காயமும் பெருக்கும். றப்பர் பூட்ஸுக்குள் நனைந்த துணிக்கட்டும் இதே வேலையைத்தான் செய்யும்.

ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, 9 கிராம் உப்பு (மட்டமாக ஒன்றரைத் தேக்கரண்டி) போட்டு, நன்றாக ஆறிய பிறகு அதை ஊற்றிக் கழுவுங்கள். பஞ்சால் தேய்க்காதீர்கள், நார் ஒட்டிக்கொள்ளும். ஐதரசன் பெரொக்சைட் நுரைப்பதைப் பார்த்தால் சுத்தமாவது போலத்தான் தெரியும், புதுக் கலங்களையும் அது சேர்த்தே கொல்லும். மஞ்சள்தூளை நிறுத்துங்கள், அடியில் என்ன நடக்கிறது என்றே பார்க்க முடியாது. கழுவிய பின் சுற்றியுள்ள தோலை மட்டும் ஒற்றித் துடைத்து, வஸலின் மெல்லிதாகப் பூசி, ஒட்டாத கோஸ் (காயத்துக்குக் கட்டும் வலைத்துணி) வைத்துக் கட்டுங்கள். வெறும் கோஸ் காய்ந்து பிடித்துக்கொள்ளும். அதைப் பிய்த்தால் வந்த புதுத்தோலும் கூடவே வந்துவிடும். ஒட்டியிருந்தால் உப்புத்தண்ணீரில் நனைத்துக் கொஞ்ச நேரம் விட்டு எடுங்கள். நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும், கட்டு நனைந்தால் உடனே.

ஏற்பூசி (டெட்டனஸ் ஊசி) போட்டாரா என்று கேளுங்கள். சிவப்பு பரவினால், நாற்றமோ காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே டொக்டரிடம்.

மேல்மலை:
என் கண்ணுக்கு வீக்கம்தான் பெரிய விஷயம். நாள் முழுக்கச் சரிவில் நின்று வேலை, காயமோ கணுக்காலுக்கு மேலே உட்பக்கம். நாளப்புண் (காலிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் நாளங்கள் சரியாக வேலை செய்யாததால் வரும் புண்) வருகிற இடமே அதுதான். நாளங்களில் இரத்தம் தேங்கினால் என்ன டிரெசிங் போட்டும் ஆறாது, அழுத்தக் கட்டு வேண்டும். கணுக்காலில் சுமார் 40 மில்லிமீற்றர் பாதரச அழுத்தம், மேலே போகப் போகக் குறைய வேண்டும். விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை கட்டுவார்கள். கணுக்காலில் மட்டும் இறுக்கினால் பாதம் வீங்கும்.

அதை லயத்தில் கட்டிப் பார்க்கக் கூடாது. கிளினிக்கில் டொப்ளர் (இரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவி) வைத்துக் கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கை இரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பார்கள். கையில் 120, காலில் 96 என்றால் 0.8. அதற்குக் கீழே போனால் நாடிக் குழாயில் (காலுக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்) அடைப்பு இருக்கலாம், முழு அழுத்தம் கொடுத்தால் கால் அழுகிப் போகவும் கூடும். சீனி வருத்தக்காரர்களுக்கு நாடி இறுகியிருப்பதால் இந்தக் கணக்கு பொய்யாக உயர்ந்து காட்டும். கிளினிக்கில் பார்க்கும்வரை, வேலை முடிந்து படுக்கும்போது காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைக்கச் சொல்லுங்கள்.

பனிமூட்டம்:
அட்டைக் கடியாக இருக்குமோ?

மேல்மலை:
அட்டை கடித்தால் இரத்தம் உறையாமல் ஒழுகும், பிறகு அரிக்கும். சொறிந்தால்தான் புண்ணாகும். வலியே இல்லாமல், ஓரம் தடித்து, வாரக்கணக்கில் ஆறாத புண் என்றால் மணல் ஈயால் வரும் லீஷ்மேனியாசிஸையும் நினைக்க வேண்டும். உலர் வலயத்தில்தான் அதிகம், அந்தப் பக்கம் போய்த் தங்கி வந்தவரா என்று கேளுங்கள். தோல் கிளினிக்கில் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள்.