மழையில் ஓடலாமா? நவம்பரில் நடை முகாம் வேறு வைத்திருக்கிறோம்

கெடிலக்கரை:

வணக்கம். எனக்கு ஊர் கடலூர், மஞ்சக்குப்பம் பக்கம். வயது 46. போன மாசியில் சர்க்கரை இருப்பதாகச் சொன்னார்கள். நடக்க ஆரம்பித்தேன், ஆடியிலிருந்து ஓடுகிறேன். ஓட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். சில்வர் பீச் போய்த் திரும்புவதற்குள் சைக்கிளில் பால் ஊற்றுகிறவர் என்னை இரண்டு முறை தாண்டிவிடுவார்.

ஐப்பசி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. போன வாரம் தூறலில் ஓடினேன். நன்றாகத்தான் இருந்தது, உண்மையைச் சொன்னால் வெயிலில் ஓடுவதைவிடச் சுகம். ஆனால் ஷூ மறுநாளும் காயவில்லை. அதையே மாட்டிக்கொண்டு போனதில் சுண்டுவிரல் ஓரம் கொப்புளம். மாமியார் "மழையில நனைஞ்சா ஜன்னிதான்" என்று காலையிலிருந்து பாட்டு.

அது போகட்டும், பெரிய கேள்வி வேறு. எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் நவம்பர் இரண்டாம் ஞாயிறு ஒரு நடை, ஓட்டம், கூடவே இலவச சர்க்கரை, பிரஷர் பரிசோதனை முகாம். கார்த்திகை நெருங்கும்போது கடலூரில் மழை பெய்யாமல் என்ன செய்யும் என்று கேட்டேன். சிறப்பு விருந்தினருக்கு அந்தத் தேதிதான் ஒத்துவருகிறதாம். 120 பனியன் அச்சடித்தாயிற்று. பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் அறுபதைத் தாண்டியவர்கள். பாதை பார்க்கும் வேலை என் தலையில். பட்டவர்கள் சொல்லுங்கள்.

பீச்ரோடு_63:

வணக்கம்மா. புதுச்சேரி. இருபது வருடமாகக் காந்தி சிலை முன்னால் ஓடுகிறேன். காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள், அந்தச் சலுகை உங்களுக்குக் கிடையாது. மழையில் எதிரே வரும் டிரைவருக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள், பளிச்சென்ற நிறத்தில் போடுங்கள்.

நனைவதால் சளி பிடிப்பதில்லை. சளிக்குக் காரணம் வைரஸ். ஓடும்போது உடம்பு சூடாகத்தான் இருக்கும், நின்ற பிறகு ஈரச் சட்டையோடு காற்று வாங்கினால்தான் நடுக்கம். உங்கள் மாமியாரிடம் பாதி நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுங்கள், வீட்டில் அமைதி முக்கியம்.

நான் பயப்படுவது தரைக்கு. ஒரு வருடம் எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர். நடுவில் ஒரு வேப்பங்கிளை நட்டு நின்றது. யார் வீட்டுச் செடி என்று பார்த்துக்கொண்டே கிட்டே போய்விட்டேன். பாதாளச் சாக்கடையின் மூடி இல்லை, யாரோ புண்ணியவான் அடையாளத்துக்குக் கிளையைச் செருகியிருக்கிறார். இன்னும் இரண்டடி வைத்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்றிலிருந்து தரை தெரியாத தண்ணீரில் கால் வைப்பதில்லை. மின்கம்பத்தை இழுத்துக் கட்டியிருக்கும் ஸ்டே கம்பி, டிரான்ஸ்பார்மர் பக்கமும் போவதில்லை. சாலையில் வெள்ளைக் கோடு ஈரத்தில் சோப்பு மாதிரி, திருப்பத்தில் அதை மிதிக்காதீர்கள்.

இடிக்கு ஒரு கணக்கு உண்டு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டுவிட்டால் கான்கிரீட் கூரைக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி ஆகும்வரை வெளியே வரக்கூடாது. சில்வர் பீச் மணலில் உங்களைவிட உயரமாக எதுவும் இல்லை என்பதை மறக்க வேண்டாம். மரத்தடியும் பந்தலும் கணக்கில் வராது.

ஷூவுக்கு: உள்ளே இருக்கும் அட்டையை உருவித் தனியே வையுங்கள், பழைய பேப்பரைக் கசக்கித் திணியுங்கள், ஒரு மணி நேரத்தில் எடுத்துப் புதுசு மாற்றுங்கள். மூன்று தரம் மாற்றினால் ஃபேனடியில் காலைக்குள் காய்ந்துவிடும். அடுப்பருகில் வைத்தால் அடிப்பாகம் பிரிந்துவிடும். எனக்குப் பிரிந்தது.

வார்டு_நர்ஸ்:

அக்கா, அந்தக் கொப்புளத்தை முதலில் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், வலிக்கவில்லை என்று விடக்கூடாது. ஆறும்வரை ஓட்டம் வேண்டாம், தேங்கின தண்ணீரில் நடையும் வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாகப் போனால் எலிக்காய்ச்சல். தண்ணீரில் நடந்த பிறகு ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் தண்ணீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாமாக மாத்திரை வாங்கிப் போட வேண்டாம்.

இன்னொன்று யாரும் சொல்லமாட்டார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், நடுங்கும். மழையில் எல்லாருமே நனைந்து நடுங்கிக்கொண்டுதான் இருப்பார்கள், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பேச்சுக் குளறுகிறதா என்று பாருங்கள். தன்னார்வலர் ஒவ்வொருவர் பையிலும் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கட்டும்.

முகாமில் பரிசோதனையை ஓட்டத்துக்கு முன்னால் வையுங்கள். ஓடி முடித்த கையோடு பார்த்தால் பிரஷர் ஏறியிருக்கும், ஐந்து நிமிடம் உட்காராமல் பார்த்த அளவுக்கு அர்த்தமில்லை. ஈர விரலில் குத்தினால் ரத்தத்தோடு தண்ணீர் கலந்து சர்க்கரை குறைவாகக் காட்டும். விரலை நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்தபடி மேசையில் வைத்தால் ஈரக்காற்றிலேயே கெட்டுவிடும். ஒவ்வொன்று எடுத்ததும் மூட வேண்டும். இதற்கென்று ஒரு ஆளைப் போடுங்கள், கோபக்கார ஆளாக இருந்தால் நல்லது.

ஈரச்சட்டை:

தைக்குத் தள்ளுங்கள் என்பேன், கேட்கமாட்டார்கள். 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். ஃபெஞ்சல் அன்று புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. நம் ஊரில் இந்த இரண்டு மாதத்துக்குத் தேதி குறிப்பவர்கள் யார் என்றே புரியவில்லை.

நான் கலந்துகொண்ட ஓர் ஓட்டத்தில் மழை பிரச்சினையே இல்லை. ஓடி முடித்து, சொட்டச் சொட்ட ஏசி மண்டபத்தில் 40 நிமிடம் வரவேற்புரை கேட்டோம். சான்றிதழ் கடைசியில்தான் என்பதால் யாரும் எழவும் முடியாது. பக்கத்தில் ஒரு பெரியவருக்குப் பல் கிட்டித்தது, ஒரு காகித டம்ளர் டீ கூட இல்லை. பேச்சு வேண்டுமென்றால் முதலில் பேசச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டத்தில் சண்டை போட்டேன். தேதி மாறவில்லை. ஆனால் முதல் நாள் மாலை வானிலை அறிவிப்பில் ஆரஞ்சு, ரெட் எது வந்தாலும் ஓட்டம் ரத்து, பள்ளிக்கூட வராந்தாவில் பரிசோதனை மட்டும். முடிவு செய்வது நானும் செயலாளரும், விருந்தினர் இல்லை. நம் கரையோரத்தில் இந்தப் பருவமழை விடியற்காலையில்தான் அதிகம் பிடிக்கும் என்பதால் ஆறு மணியை ஏழரை ஆக்கியாயிற்று. அன்று காலை பாதையை ஒருமுறை நானே நடந்து பார்ப்பேன், வேப்பங்கிளை கண்ணில் பட்டால் அந்தத் தெரு இல்லை.

ஒரு சிக்கல் பாக்கி. அந்த 120 பனியனும் கெட்டிப் பருத்தி. நனைந்தால் கல் மாதிரி கனக்கும், தோள், அக்குள் எல்லாம் உரசும். மாற்ற முடியாது, பணம் கொடுத்தாயிற்று.

பீச்ரோடு_63:

எதற்கு மாற்ற வேண்டும்? ஓடுவதற்கு முன்னால் கொடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள், ஓடி முடித்தவர்களுக்குக் கொடுங்கள். ஈரச் சட்டையைக் கழற்றிவிட்டு உலர்ந்ததைப் போட்டுக்கொள்ளட்டும். பெண்கள் மாற்ற ஒரு வகுப்பறையைத் திறந்துவிடச் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

சார், இதை ஏன் கூட்டத்துக்கு முன்னால் சொல்லவில்லை!