மறுமொழி: இரத்தத்தில் மிதக்கும் நுண்பைகளுக்கு என்ன பெயர் வைப்பது?

அன்பர்களுக்கு வணக்கம்.

போதை பற்றிய பினாங்குக் கையேட்டில் இந்த நுண்பைகளுக்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்று வந்த மடல்களை எல்லாம் படித்துவிட்டேன். சம்சு என்ற மலிவுச் சாராயம், கெத்தும் இலை, சியாபு என்ற மெத்தம்பெட்டமின் என ஏதோ ஒன்று புகுந்து நிம்மதி கெட்ட வீடுகளில்தான் இதைப் படிக்கப் போகிறார்கள். அதனால் செல்களிலிருந்து வெளிவரும் நுண்பையான எக்ஸ்ட்ராசெல்லுலர் வெசிகிளுக்கு நாம் வைக்கும் பெயர் வாயில் நுழைய வேண்டும். தெரிந்ததற்கு மேல் எதையும் சொல்லிவிடவும் கூடாது.

> தூதுப்பை என்றே வைப்போம். அழகும் உண்டு, வேலையும் விளங்கும்.

அழகான சொல்தான் ஐயா. ஆனால் 1967இல் ஆய்வாளர் பீட்டர் வூல்ஃப் இவற்றைத் தட்டணுத் தூசு என்றார்; தட்டணு என்பது இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட். 1980களில் ரோஸ் ஜான்ஸ்டன் குழுவினர் கண்டதோ, முதிர்ந்துவரும் சிவப்பணு தனக்கு வேண்டாத புரதத்தை இந்தப் பைகளில் வெளியேற்றுவதை. மரபுச் செய்தி தாங்கும் ஆர்.என்.ஏ.வைச் சுமந்து வேறொரு செல்லிடம் சேர்க்கின்றன என்பது 2007இல்தான் பெரிதாகப் பேசப்பட்டது. எல்லாப் பையும் தூது போகிறது என்று இன்றும் சொல்ல முடியாது.

உமிழ்பை என்ற இன்னொரு முன்மொழிவும் எனக்குச் சரியாகப் படவில்லை. செல் சாகும்போது சிதறும் துண்டுகளும் இந்தக் கூட்டத்தில் சேர்த்திதான். அவற்றை யாரும் உமிழ்வதில்லை. ஈப்போ அக்கா சொன்ன நுண்பொட்டலம் பொருளுக்கு அருமையாகப் பொருந்துகிறது. கொழுப்புப் படலத்துக்குள் புரதமும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற குட்டி ஆர்.என்.ஏ.வும் மடித்து வைத்தாற்போலத்தான் இருக்கும். ஆனால் அக்கா, போதை பற்றிய கையேட்டில் பொட்டலம் என்றால் படிப்பவர் கண்ணில் கஞ்சாதானே வந்து நிற்கும்? இலங்கைப் பாடநூல்களில் உள்ள புடகம் நல்ல சொல். இங்கே பழக்கமில்லை, அவ்வளவுதான்.

என் பரிந்துரை செல்புற நுண்பை. செல்லுக்கு வெளியே இருக்கிறது, சிறியது, உள்ளே சரக்கு உண்டு. எந்த வழியாக வெளியே வந்தது என்று இரத்தத்தில் பார்த்துச் சொல்வது கடினம் என்பதால்தான் துறை அறிஞர்களும் எக்சோசோம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை விட்டு, இருக்குமிடத்தைச் சொல்லும் பெயருக்கு வந்தார்கள். எக்சோசோம் இதில் ஒரு வகை மட்டுமே, ஏறத்தாழ 30 முதல் 150 நானோமீட்டர். அந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டுவிடலாம்.

நம் நாளிதழ்களில் செல்லை உயிரணு என்று எழுதுவது எனக்கும் தெரியும். ஆனால் தமிழ்நாட்டு விளம்பரங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு உயிரணு என்றால் விந்தணு. செல்லே இருக்கட்டும்.

உடலின் நிலையைக் காட்டும் அடையாளமான பயோமார்க்கருக்கு உயிர்ச்சுட்டி என்ற முன்மொழிவை மனமார ஏற்கிறேன். சுட்டுவதோடு நிற்கும், தீர்ப்பு சொல்லாது. சிறுநீர்ச் சோதனை அண்மையில் பொருளை எடுத்தாரா என்று காட்டும். மூளை எவ்வளவு மாறியிருக்கிறது என்பதை இந்தப் பைகளின் சரக்கிலிருந்து அறியலாமா என்பதுதான் ஆய்வாளர்களின் தேடல். மருத்துவமனையில் எழுதிக்கொடுக்கும் சோதனையாக இது இன்னும் வரவில்லை. கையேட்டின் முதல் பக்கத்திலேயே அதைப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் மகனை இழுத்துக்கொண்டு இரத்தம் கொடுக்க ஓடுவார்கள்.

இன்னொன்று. இரத்தம் எடுத்த குழாயை அப்படியே வைத்திருந்தால் தட்டணுக்கள் குழாய்க்குள்ளேயே புதிய பைகளை விட ஆரம்பித்துவிடும். இரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவைச் சீக்கிரம் பிரித்து, தட்டணுக்களைச் சுழற்றி நீக்காவிட்டால், எண்ணுவது உடம்பின் பைகளையா குழாயின் பைகளையா என்றே தெரியாது. ஆகவே கையேட்டின் சொல் அட்டவணையில் 'தட்டணு நீக்கிய பிளாஸ்மா' என்ற தொடரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், போதை அடிமை வேண்டாம், போதைச் சார்பு என்றே எழுதுவோம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மூளையிலிருந்து வருபவற்றுக்கு 'நரம்புசெல்வழி' என்று முன்னே சேர்க்கலாமா என்று பட்டர்வொர்த் தம்பி கேட்டிருந்தார். அவற்றைப் பிரித்தெடுக்கத் தூண்டிலாகப் பயன்பட்ட, நரம்புசெல்களின் மேற்பரப்பில் உள்ள எல்1கேம் புரதம் இரத்தத்தில் பையோடு ஒட்டாமல் தனியாகவே மிதக்கிறது என்று 2021இல் வலுவான மறுப்பு வந்திருக்கிறது. அதனால் 'நரம்புசெல்வழி எனக் கருதப்படும்' என்று எழுதுவோமா? நீளம்தான். இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.