1904 போருக்கு முன் ரஷ்யா ஜப்பானை ஏன் தவறாக எடைபோட்டது?

தொல்கடல்:
ரஷ்ய-ஜப்பானியப் போரைப் பற்றி வாசித்து வருகிறேன். 1903 ஜூனில் ரஷ்யப் போர் அமைச்சர் குரோபாத்கின் தாமே விருந்தினராக ஜப்பான் சென்று, அந்நாட்டுப் படையை நேரில் பார்த்துத் திரும்பியிருக்கிறார். டோக்கியோவில் இருந்த ரஷ்யத் தூதரகத்தில் தரைப்படைக்கு ஓர் அதிகாரியும் கடற்படைக்கு ஓர் அதிகாரியும் பல ஆண்டுகளாகப் பணியில் இருந்தனர். இத்தனைக்குப் பிறகும் 1904 பிப்ரவரி 8 இரவில் டார்பிடோ ஏந்திய ஜப்பானிய நாசகாரிக் கப்பல்கள், மஞ்சூரியாவின் (சீனாவின் வடகிழக்குப் பகுதி) தென்முனையில் இருந்த ரஷ்யக் கடற்படைத் தளமான போர்ட் ஆர்தரைத் தாக்கியபோது ரஷ்யக் கப்பல்கள் ஆயத்தமின்றி நின்றது எப்படி? தகவல் கிடைக்கவில்லையா, கிடைத்தும் மதிக்கப்படவில்லையா?

வடபுலத்தான்:
கிடைத்த தகவல் மதிக்கப்படவில்லை என்பதே என் கருத்து; அதற்குக் காரணம் தலைமையிடத்தின் விருப்பம். 1890-களின் இறுதியில் டோக்கியோவில் தூதரக ராணுவ அதிகாரியாக இருந்த யான்ஜூல், ஜப்பானியப் படையின் வளர்ச்சியை மதித்து எழுதியவர். ஜப்பானிய எழுத்தைப் படிக்க இயலாமையே தம் பணிக்குப் பெருந்தடை என்றும் தலைமையிடத்திடம் முறையிட்டவர். அவருக்குப் பின் வந்த வன்னோவ்ஸ்கியோ, ஐரோப்பாவின் மிகப் பலவீனமான படைக்கு நிகரான மன உறுதியை ஜப்பானியப் படை பெறுவதற்குப் பல பத்தாண்டுகள், ஒருவேளை நூற்றாண்டுகள்கூட ஆகும் என்று அறிக்கை அனுப்பினார். முந்தைய அதிகாரிகளிடம் இருந்த ஜப்பானிய மோகம் இதில் இல்லை, இது தெளிந்த பார்வை என்று குரோபாத்கின் அதன் ஓரத்தில் குறிப்பெழுதினார். அமைச்சர் எதைப் பாராட்டுகிறார் என்பது தெரிந்துவிட்டால், கீழே இருப்பவர்கள் அதற்கு மாறாக எழுதத் துணிவார்களா? போர் முடிவதற்குள் ஜப்பான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திரட்டியது. ரஷ்யத் தலைமையகத்தின் முன்கணிப்பு அதற்கு அருகில்கூட வரவில்லை.

கடற்படை அதிகாரி ரூசினையும் இங்கே நினைக்க வேண்டும். ஜப்பானியக் கப்பற்படையின் ஆயத்தங்களை அவர் சரியாகக் கவனித்துத் தொடர்ந்து எழுதிவந்தார். பிப்ரவரி 6 அன்று ஜப்பான் தூதரக உறவையே முறித்துக்கொண்டது. அதன் பிறகும் போர்ட் ஆர்தரில் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நின்றதற்கு உளவுத் துறையைக் குறை சொல்ல முடியாது.

நெய்தல்வாசகர்:
மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பெர்லினில் ஜப்பானின் தூதரக ராணுவ அதிகாரியாக இருந்த ஃபுகுஷிமா யசுமாசா, 1892-93 ஆண்டுகளில் அங்கிருந்து ரஷ்யாவின் கிழக்குக் கடற்கரைத் துறைமுகமான விளாதிவஸ்தோக் வரை குதிரையிலேயே பயணம் செய்தார். வெளியுலகுக்கு அது ஒரு வீரச் செயல். சைபீரியாவின் பாதைகளையும் ரயில்பாதைப் பணிகளையும் கண்டறிவதே அதன் உள்நோக்கம். இஷிமித்சு மகியோ என்ற அதிகாரி ஹார்பினில் நிழற்பட நிலையம் நடத்தி, மஞ்சூரியாவில் ரஷ்யர்களின் நடவடிக்கைகளைக் கவனித்தார். ரஷ்யாவில் சில ஆண்டுகள் தங்கி மொழியும் கடற்படையும் கற்ற ஹிரோசே தகேயோ, 1904 மார்ச்சில் அதே போர்ட் ஆர்தரின் வாயிலை அடைக்கும் முயற்சியில் உயிரிழந்தார். எதிரியின் மொழியைக் கற்று, எதிரியின் மண்ணில் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த அதிகாரிகள் ஜப்பானிடம் இருந்தனர். ரஷ்யாவின் பக்கம் அத்தகையோர் மிகவும் குறைவு.

தொல்கடல்:
இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஜப்பானின் கணிப்புகள் எல்லாம் சரியாக அமைந்தனவா?

வடபுலத்தான்:
இல்லை. போர்ட் ஆர்தரின் அரண்களையும் அங்கிருந்த படையின் அளவையும் ஜப்பான் மிகக் குறைவாக மதிப்பிட்டது. 1904 ஆகஸ்டில் ஜெனரல் நோகி நடத்திய முதல் பெருந்தாக்குதலில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட ஜப்பானிய வீரர்கள் மாண்டும் காயமுற்றும் போயினர். கோட்டை 1905 ஜனவரித் தொடக்கத்தில்தான் பணிந்தது. சைபீரிய ரயில்பாதை விஷயத்திலும் கணக்குத் தவறியது. ஒற்றைத் தடமாகவும், பைக்கால் ஏரியருகே முழுமை பெறாமலும் இருந்த அந்தப் பாதை வழியாக ரஷ்யா பெரும்படையைக் கொண்டுவர இயலாது என்று ஜப்பானியத் தலைமையகம் நம்பியது. ரஷ்யர்களோ 1904 குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேலேயே தண்டவாளம் போட்டனர். அவ்வாண்டிலேயே ஏரியைச் சுற்றிச் செல்லும் பாதையையும் முடித்தனர். 1905 பிப்ரவரி-மார்ச்சில் மஞ்சூரிய நகரமான முக்டெனில் நடந்த போரில் ஏறத்தாழ மூன்று லட்சம் ரஷ்ய வீரர்கள் நின்றார்கள். அந்தப் போரில் ஜப்பான் வென்றும், பின்வாங்கிய படையைத் துரத்தி அழிக்கும் வலிமை அதனிடம் எஞ்சவில்லை.

நெய்தல்வாசகர்:
ரயில்பாதை பற்றிய தங்கள் விளக்கத்தை ஏற்கிறேன். பாதை முடிக்கப்படும் முன்பே போரைத் தொடங்கிவிட வேண்டும் என்ற அவசரம் டோக்கியோவில் இருந்தது. அந்த அவசரத்துக்கு ஃபுகுஷிமா போன்றோர் திரட்டிய தகவல்களும் ஒரு காரணம். ஆக, ஒரே ரயில்பாதையைப் பற்றி, அது முடியும் முன்பே தொடங்க வேண்டும் என்ற ஜப்பானின் கணிப்பு சரியாகவும், அதில் பெரும்படை வர இயலாது என்ற கணிப்பு தவறாகவும் போயிருக்கிறது. தொல்கடல் அவர்களே, அடுத்து, பின்னாளில் ஜெனரலான ஜப்பானிய அதிகாரி அகாஷி பற்றி வாசியுங்கள். போருக்கு முன் ரஷ்யத் தலைநகர் பீட்டர்ஸ்பர்க்கில் தூதரக ராணுவ அதிகாரியாக இருந்த அவர், போர் தொடங்கியதும் ஸ்டாக்ஹோமுக்கு மாறி, ஜார் ஆட்சியை எதிர்த்த ஃபின்லாந்து, ரஷ்யப் புரட்சியாளர்களுக்குப் பணம் கொடுத்து உதவினார்.