வயலில் விழுந்த வெள்ளை டப்பா

பேரளம் பெரியப்பா, காலை 8:05
(படம்)
குறுவை வயலில் கிழிந்த பலூனும் நூல் கட்டிய வெள்ளை டப்பாவும் கிடக்கின்றன. போலீசுக்குச் சொல்லவா?

திருவாரூர் அத்தை, 8:07
அண்ணா, கிட்டப் போக வேண்டாம். வெடித்துத் தொலைக்கப் போகிறது.

சென்னை அண்ணன், 8:11
வெடிக்க வேண்டியது மேலேயே வெடித்துவிட்டது அத்தை. அது ரேடியோசோண்ட். காரைக்கால் வானிலை நிலையத்தில் விட்டதாகத்தான் இருக்கும். உலகம் முழுக்க ஒரே நேரத்தில் விடுவார்கள். நமக்குக் காலை, மாலை 5:30 கணக்கு. ஏறிக்கொண்டே வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் எல்லாவற்றையும் ரேடியோவில் கீழே அனுப்பும். 30 கிலோமீட்டர் உயரம் வரை போய் பலூன் வெடிக்கும்.

பேரளம் பெரியப்பா, 8:14
மேற்கத்திக் காற்று அடிக்கிற மாதத்தில் காரைக்கால் பலூன் மேற்கே எப்படி வரும்?

சென்னை அண்ணன், 8:15
நல்ல கேள்வி! கீழேதான் மேற்கத்திக் காற்று. 12 கிலோமீட்டருக்கு மேலே இப்போது கிழக்கிலிருந்து பலமாக அடிக்கும். அது தள்ளியிருக்கும்.

கும்பகோணம் சித்தப்பா, 8:20
இன்சாட் 3டிஆர், 3டிஎஸ் என்று வானிலைச் செயற்கைக்கோள்களை மேலே போட்டு வைத்திருக்கிறார்களே, இன்னும் பலூன் எதற்கு? வெட்டிச் செலவு.

சென்னை அண்ணன், 8:31
சித்தப்பா, செயற்கைக்கோளுக்கு வெப்பமானி கிடையாது. காற்றிலிருந்து மேலே வரும் கதிர்வீச்சைத்தான் அளக்கிறது. மார்கழிப் பனியில் வரப்பில் நின்று பாருங்கள். பனி கெட்டியாக இருந்தால் பக்கத்துத் தென்னை மட்டும் தெரியும், லேசாக இருந்தால் கோயில் கோபுரம் வரை தெரியும். அதே கதைதான். கரியமில வாயு அதிகம் உறிஞ்சும் அலைநீளத்தில் மேல் அடுக்கின் வெப்பம் மட்டும் வரும். குறைவாக உறிஞ்சுவதில் கீழ் அடுக்கும் தெரியும். 3டிஎஸ்ஸில் இருக்கும் சவுண்டர் என்ற கருவி இப்படி 18 அகச்சிவப்பு அலைவரிசைகளில் பார்க்கிறது. அதிலிருந்து கணக்குப் போட்டுத்தான் வெப்பநிலையை எடுக்க வேண்டும்.

சென்னை அண்ணன், 8:33
ஆனால் அடுக்குகள் ஒன்றோடொன்று கலந்து மங்கலாகத்தான் தெரியும். நூறு, இருநூறு மீட்டரில் வெப்பம் சட்டென்று மாறினால் அதற்குப் பிடிபடாது. மேகம் வந்தால் அகச்சிவப்புக்கு அதன் கீழே கண் தெரியாது. துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் செயற்கைக்கோள்களின் மைக்ரோவேவ் கருவி அங்கே உதவும். பலூன் மூட்டையில் குத்தூசி போடுகிற மாதிரி. அந்த மூட்டையின் நெல் துல்லியமாகக் கையில் வரும். பக்கத்து மூட்டை பற்றி ஒன்றும் சொல்லாது.

கும்பகோணம் சித்தப்பா, 8:36
அப்படியானால் நாலு பலூன் கூட விடட்டுமே.

சென்னை அண்ணன், 8:38
வங்காள விரிகுடா நடுவில் யார் நின்று விடுவது? 2018 கஜா அங்கிருந்துதானே வந்தது. கடலுக்குச் செயற்கைக்கோளை விட்டால் வேறு வழி குறைவு.

பேரளம் பெரியப்பா, 8:42
சரி, ஒரே இடத்தில் பலூன் 24 டிகிரி என்கிறது, செயற்கைக்கோள் 26 என்கிறது. யாரை நம்புவது?

சென்னை அண்ணன், 8:49
மூன்றாவதாக ஒரு ஆளும் உண்டு பெரியப்பா. ஆறு மணி நேரம் முன்னால் கணினி போட்ட கணிப்பு. உங்கள் பற்று வரவு நோட்டில் முன்பாக்கி எழுதித் தொடங்குவீர்களே, அந்த மாதிரி. அதிலிருந்து பலூனும் செயற்கைக்கோளும் எவ்வளவு விலகுகின்றன என்று பார்ப்பார்கள். எதில் பிழை குறைவாக இருக்குமோ அதன் பக்கம் அதிகம் சாய்வார்கள். நடுவில் 25 என்று பங்கு போட மாட்டார்கள்! செயற்கைக்கோள் ஒரு பக்கமாகவே தப்புக் காட்டுகிறதா என்று பிடிக்கவும் பலூன் வேண்டும். சித்தப்பாவின் வெட்டிச் செலவு அதற்குத்தான்.

கும்பகோணம் சித்தப்பா, 8:50
🙏

திருவாரூர் அத்தை, 8:52
எல்லாம் சரி தம்பி, ரோட்டில் நெல் காய்கிறது. சாயங்காலம் மழை உண்டா?

சென்னை அண்ணன், 8:55
நான் இங்கிருந்து சொன்னால் ஜோசியம் அத்தை. தரை சுட்டு, மேலே காற்று குளிர்ந்து, ஈரமும் இருந்தால் இடி மழை கட்டும். மதியத்துக்கு மேல் காரைக்கால் ரேடார் படத்தைப் பாருங்கள். பெரியப்பா, நூலையும் ரப்பரையும் முதலில் பொறுக்குங்கள், மாடு தின்றுவிடும்.

பேரளம் பெரியப்பா, 9:03
பாதி ரப்பரை அதன் வாயிலிருந்துதான் பிடுங்கினேன். டப்பாவைப் பேத்தி தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். தார்ப்பாய் எடுக்கப் போகிறேன்.