ஐஆர் விளக்குக்குத் தமிழில் என்ன சொல்? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

மு. (ஈசூன்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

கண்காணிப்புக் கேமரா பொருத்தும் நிறுவனம் ஒன்றுக்காக ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மொத்தம் ஆறு பக்கம். இரவில் படம் கறுத்துப்போனால் எதை எதைச் சோதிக்க வேண்டும் என்பதுதான் விஷயம். படிக்கப்போகிறவர்கள் ஏணியில் ஏறி வேலை பார்ப்பவர்கள். பாதிப் பேர் புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மீதிப் பேர் இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போகவேண்டும்.

ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன். லென்ஸைச் சுற்றி வட்டமாகச் சின்னச் சின்ன விளக்குகள் இருக்குமே, இருட்டியதும் தானாக எரியும், நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்கு மட்டும் தெரியும், ஆங்கிலத்தில் ஐஆர் (இன்ஃப்ரா ரெட்) விளக்கு என்பார்களே, அதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? கையேட்டில் நாற்பது இடத்துக்கு மேல் வருகிறது. இப்போதைக்கு "அகச்சிவப்பு விளக்கு" என்று போட்டிருக்கிறேன். "அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்கவும்" என்ற வரியை, இங்கே படித்த ஒரு தம்பியிடம் காட்டினேன். "உள்ளே செவப்பா ஒரு பல்பு இருக்கா அண்ணே?" என்று கேட்டார். அதோடு கை நின்றுவிட்டது.

ந. (தோ பாயோ) எழுதியது:

தம்பி மு.வுக்கு,

அந்தப் பிள்ளை கேட்டதில் தவறே இல்லை. சொல்லில்தான் குறை. அகம் என்றால் உள். ஆனால் அந்தக் கதிர் சிவப்புக்கு உள்ளேயா இருக்கிறது? 1800இல் வில்லியம் ஹெர்ஷல் பட்டகத்தால் வெயிலை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பைத் தாண்டி, கண்ணுக்கு ஒளியே தெரியாத இடத்தில் வைத்ததுதான் அதிகம் ஏறியது. தாண்டிக் கிடப்பதை அகம் என்பது எப்படி? அடுத்த ஆண்டே ரிட்டர் ஊதாவுக்கு அப்பால் ஒன்றைக் கண்டார். அதைப் புறஊதா என்கிறோம், பொருத்தம்தான். ஆனால் இரண்டும் கண்ணுக்குத் தெரியும் நிறங்களுக்கு வெளியே இருப்பவை. அகம், புறம் என்ற இணை நம் நாவில் ஊறிப்போனதால் ஒன்றை அகமாக்கிவிட்டோம் என்பது என் எண்ணம்.

நான் சொல்வது அல்லொளி. எல் என்றால் பகல், ஒளி, எல்லவன் ஞாயிறு. அல் என்றால் இரவு. அல்லில் மலர்வது அல்லி. அல்லும் பகலும் என்று இன்றைக்கும் சொல்கிறோம். அல்+ஒளி, தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும், அல்லொளி. இரவில் எரியும் ஒளி என்பது ஒரு பொருள். அல் என்பதற்கு அன்மைப் பொருளும் உண்டல்லவா, ஆகவே கண்ணுக்கு ஒளி அல்லாத ஒளி என்பது இன்னொன்று. நான்கே எழுத்தில் அந்த விளக்கின் இயல்பு முழுவதும் வந்துவிடுகிறது. எனக்கு நேற்றிரவு இது தோன்றியதும் எழுந்து விளக்கைப் போட்டு எழுதி வைத்துக்கொண்டேன்.

வ. (சிராங்கூன்) எழுதியது:

ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் தமிழில் படித்தவள். எங்களுக்கு அகச்சிவப்பு செந்நிறக்கீழ்க் கதிர், புறஊதா கழியூதாக் கதிர். கழி என்றால் மிகுதி. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று நீங்கள்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள்! கீழ் என்பதும் சரிதான், அதிர்வெண் சிவப்பைவிடக் குறைவு. அலைநீளத்தைப் பார்த்தால் மேலே போய்விடும் என்பது உண்மை, ஆனாலும் உள்ளே என்பதைவிடக் கீழே என்பது மேல். செங்கீழ் விளக்கு என்று சுருக்கலாம்.

அல்லொளி அழகாக இருக்கிறது. ஆனால் கையேட்டில் "அல்லொளி எரியவில்லை" என்று அச்சடித்தால் என்ன ஆகும்? "ஒளி அல்ல, எரியவும் இல்லை" என்று படிப்பார்கள். பழுது பார்க்கும் கையேட்டில் இல்லை, அல்ல என்ற சொற்கள்தான் கண்ணில் முதலில் படும்.

கு. (ஜூரோங்) எழுதியது:

இருட்கதிர் விளக்கு? இருளில் வீசும் கதிர், ஏழாம் வேற்றுமைத் தொகை, ஆகவே ளகரம் டகரமாகும்.

ந. (தோ பாயோ) எழுதியது:

இருளாகிய கதிர் என்று விரித்தால் வேற்றுமை இல்லை, அல்வழி. அப்போது உறழும், இருள்கதிர் என்றும் நிற்கும், இருட்கதிர் என்றும் வரும். ஒரு கலைச்சொல்லுக்கு இரண்டு வடிவம் ஆகாது. அல்லொளிக்கு இந்தத் தொல்லை இல்லை.

செ. (உட்லண்ட்ஸ்) எழுதியது:

ஐயா, அக்கா, மன்னிக்கவும், நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. பதினேழு வருஷமாகக் கேமரா வேலைதான் பார்க்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எந்தச் சொல்லை வைத்தாலும் அதில் சிவப்பு, செம்மை வரவேண்டாம். இந்த விளக்கு இரண்டு வகை. 850 நானோமீட்டர் விளக்கு இருட்டில் லேசாகச் சிவந்து தெரியும், சாம்பிராணிக் கரித்துண்டு அணையப்போகும்போது இருக்குமே, அப்படி. 940 நானோமீட்டரில் அதுகூடத் தெரியாது, எட்டும் தூரமும் கொஞ்சம் குறைவு. போன மாதம் ஒரு புளோக்கில் என்னோடு வந்த பையன் 940 கேமராவை அண்ணாந்து பார்த்துவிட்டு, "செவப்பு வரலேண்ணே, லைட் போச்சு" என்று திருகாணியைக் கழற்ற ஆரம்பித்தான். இருடா என்று என் கைபேசியின் முன்பக்கக் கேமராவை அதன் எதிரே பிடித்தேன். வட்டம் முழுக்க வெள்ளையும் ஊதாவுமாக எரிகிறது. ஒரு விளக்குகூடப் போகவில்லை. (பின்பக்கக் கேமராவில் பார்க்காதீர்கள். பல போன்களில் அது இந்தக் கதிரைத் தடுத்துவிடும்.)

அப்போ படம் ஏன் கறுப்பு? லென்ஸுக்குப் பின்னால் ஒரு சின்னக் கண்ணாடித் தகடு இருக்கிறது. பகலில் குறுக்கே நின்று ஐஆரைத் தடுக்கும், இல்லாவிட்டால் இலையெல்லாம் ரோஸ் நிறத்தில் தெரியும். இருட்டினால் விலகிக்கொள்ளும். விலகும்போது டிக் என்று ஒரு சத்தம் வரும். இருட்டிவிட்டதா என்று பார்க்கும் ஒளி உணரியின் மேல் கட்டைவிரலை வைத்து மூடினேன், விளக்கு எரிகிறது, டிக் வரவில்லை. தகடு சிக்கிக்கொண்டிருந்தது. ஆகவே விளக்கு, தகடு, ஒளி உணரி மூன்றுக்கும் மூன்று பெயர் வேண்டும். எல்லாவற்றையும் சேர்த்து "இரவுப்பார்வை போச்சு" என்று ஒரே சொல்லில் எழுதினால் ஏணியில் நிற்பவனுக்கு எதைத் தொடுவது என்று தெரியாது.

இன்னொன்று, இதுதான் அடிக்கடி வருவது. பகலெல்லாம் கேமரா நன்றாக ஓடும். நமக்கு வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தானே இருட்டுகிறது, அந்த நேரத்தில் விளக்கு எரிந்ததும் கேமரா அணைந்து அணைந்து எழும்பும். விளக்கு எரிந்தால் கரண்ட் கூடுதலாக இழுக்கும். 12 வோல்ட் அடாப்டர் பழசாகியிருக்கும், இல்லையென்றால் மெல்லிய வயரை நீளமாக இழுத்திருப்பார்கள், போய்ச் சேர்வதற்குள் வோல்ட் விழுந்துவிடும். மீட்டரைப் பகலில் வைத்தால் 12 என்று ஒழுங்காகக் காட்டும். விளக்கு எரியும்போது கேமரா பக்கத்து முனையில் வைத்துப் பார்க்கவேண்டும். மு. தம்பி, இந்த வரி கையேட்டில் இல்லையென்றால் தயவுசெய்து சேர்த்துவிடுங்கள்.

எங்கள் ஆட்கள் எல்லாரும் சொல்வது ஐஆர். புதுக்கோட்டைக்காரரும் அதுதான், பொங்கோல் பையனும் அதுதான்.

அ. (பொங்கோல்) எழுதியது:

பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இங்கே எங்களுக்குத் தமிழ் ஒரு பாடம் மட்டும்தான், அறிவியல் முழுக்க ஆங்கிலத்தில். ஆகவே அகச்சிவப்பும் எனக்குப் புதிது, அல்லொளியும் புதிது, செங்கீழும் புதிது. தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குப் பத்தாம் வகுப்பு ஞாபகம் வரும். எனக்கு எதுவும் வராது. எங்களைப் போன்றவர்களுக்கு எப்படியும் ஒரு சொல்லைக் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும் என்றால், ஐயா சொல்வதுபோல் நல்ல சொல்லாகவே கற்றுக்கொடுக்கலாமே?

கு. (ஜூரோங்) எழுதியது:

2003இல் சார்ஸ் வந்தபோது சாங்கி விமான நிலையத்தில் காய்ச்சல் பார்க்கும் கேமரா வைத்தார்களே, அதுவும் அகச்சிவப்புதானே? அதற்கு அப்போது என்ன சொன்னோம்?

செ. (உட்லண்ட்ஸ்) எழுதியது:

அது வேற அண்ணே. அந்தக் கேமரா நம் உடம்பு விடும் வெப்பத்தையே பார்க்கும், விளக்கே வேண்டாம். இது சும்மா டார்ச் அடிப்பதுபோல. சுவரில், ஆளின் மேல் பட்டுத் திரும்பி வந்தால்தான் படம். அதனால்தான் மூடியில் தூசியோ கீறலோ இருந்தால் வெளிச்சம் அங்கேயே சிதறி, படம் முழுக்கப் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். சிலந்தி வலையும் அப்படித்தான், ஒரு நூல் லென்ஸ் முன்னால் தொங்கினால் கயிறு மாதிரி பளபளக்கும்.

வ. (சிராங்கூன்) எழுதியது:

செ. தம்பி எழுதியதைப் படித்தபிறகு செங்கீழ் விளக்கை நான் விட்டுவிடுகிறேன். செம்மை என்று எழுதி, அதனால் ஒரு பையன் நல்ல கேமராவைக் கழற்றுவான் என்றால் அந்தச் சொல் வேண்டாம்.

ஒரு விஷயம் சொல்லவேண்டும். இது தொழிலாளர்களுக்கு மட்டுமான சொல் இல்லை. 2023 மே முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்காரர்கள் தாழ்வாரத்தைப் பார்த்துக் கேமரா வைக்க நகர மன்ற அனுமதி தேவையில்லை, அண்டை வீட்டு வாசலையோ சன்னலையோ பார்த்து வைக்கக்கூடாது, அவ்வளவுதான். எங்கள் மாடியிலேயே நாலு வீட்டில் வைத்துவிட்டார்கள். எதிர்வீட்டு அம்மா என்னிடம் வந்து, ராத்திரியில் அந்த விளக்கு எரிவதே இல்லை, ஏமாற்றிவிட்டார்கள் என்று வருத்தப்பட்டார். தாழ்வாரத்தில் விடிய விடிய விளக்கு எரிகிறது. உணரிக்கு அது பகல்தான். உணரிமேல் கறுப்புத் துணியைப் போட்டதும் எரிந்தது. அவருக்கு அதைச் சொல்ல எனக்கே ஒரு சொல் கிடைக்கவில்லை, "கண்ணுக்குத் தெரியாத லைட்" என்றேன். உடனே புரிந்துகொண்டார்.

மு. (ஈசூன்) எழுதியது:

இன்று வியாழன் இரவு பதினொன்றே கால். இதுவரை வந்ததைப் பார்த்தால் ஐஆர் விளக்குக்குச் செ. அண்ணனும் அவருடைய ஆட்களும், அல்லொளிக்கு ஐயாவும் பொங்கோல் தம்பியும், இருட்கதிருக்குக் கு. அண்ணன். அகச்சிவப்பை யாரும் கேட்கவில்லை, ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் அதுதான் இருக்கிறது என்பதால் முழுக்க விடவும் மனம் வரவில்லை.

முதல் பக்கத்தில் இப்படிப் போட்டுவிட்டேன்: "ஐஆர் விளக்கு: கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரும் விளக்கு. சிவப்பாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. எரிகிறதா என்று கைபேசியின் முன்பக்கக் கேமராவில் பார்க்கவும்." அதன்பிறகு எல்லா இடத்திலும் ஐஆர் விளக்கு. மீட்டர் வரி மூன்றாம் பக்கத்தில் சேர்ந்துவிட்டது, செ. அண்ணனுக்கு நன்றி.

ந. (தோ பாயோ) எழுதியது:

ஐஆர் என்பது இரண்டு ஆங்கில எழுத்துகளின் ஒலி. அதைத் தமிழ் என்று ஒப்ப எனக்கு மனமில்லை. மின்னஞ்சலையும் இணையத்தையும் முதலில் கேட்டபோதும் வாயில் நுழையவில்லை என்றுதான் சொன்னார்கள். அச்சுக்கு அவசரம் என்பதால் நான் தடுக்கவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தில் சொற்பட்டியல் உண்டு என்றாய் அல்லவா? அதில் ஐஆர் ஒளிக்கு எதிரே, அகச்சிவப்புக்குப் பக்கத்தில், அல்லொளி என்று ஒரு சொல்லுக்கு இடம் கொடு தம்பி. ஒருவர் கண்ணில் பட்டாலும் போதும்.

மு. (ஈசூன்) எழுதியது:

போட்டுவிட்டேன் ஐயா. அந்தக் கண்ணாடித் தகட்டுக்கு வடிகட்டி என்று வைத்திருக்கிறேன். டீ வடிகட்டி என்று நினைப்பார்களா? காலை ஒன்பது மணி வரை நேரம் இருக்கிறது.

செ. (உட்லண்ட்ஸ்) எழுதியது:

தகடு என்றே இருக்கட்டும்.

ந. (தோ பாயோ) எழுதியது:

வடிப்பான்.