ஓடினால் கால் கல்லாக இறுகுகிறது: ஷின் ஸ்ப்ளின்ட்டா?

ஓடத் தொடங்கி 10 நிமிடத்தில் முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தசை இறுகி, பெருவிரல் இடுக்கு மரத்துப் போகிறது. நின்றால் 15 நிமிடத்தில் சரியாகிவிடும். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. என்னவாக இருக்கும்?

பதில் 1:
ஷின் ஸ்ப்ளின்ட் (ஓடுவதால் வரும் கீழ்க்கால் எலும்போர வலி) என்றால் அந்த எலும்பின் உள் ஓரத்தை அழுத்தும்போது வலிக்கும், மரத்துப் போகாது. இது கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம் மாதிரி இருக்கிறது. ஓடும்போது தசை உப்பும், சுற்றியுள்ள உறை விரிந்து கொடுக்காது; நரம்பு நெரிபடும்.

பதில் 2:
தசைக்குள் ஊசி செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்தால்தான் உறுதியாகும். ஓய்வில் 15, ஓடி முடித்த 1 நிமிடத்தில் 30, 5 நிமிடத்தில் 20 மி.மீ. பாதரசம்: இதில் ஒன்றைத் தொட்டாலும் பாசிட்டிவ் என்பதே வழக்கமான அளவுகோல். வலி வரும்வரை ஓடிவிட்டு அளக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நார்மல் என்றே காட்டக்கூடும்.

பதில் 3:
தசை உறையைத் திறந்துவிடும் அறுவை சிகிச்சையை யோசிப்பதற்கு முன், குதிகால் ஊன்றி ஓடுவதை மாற்றி, ஒவ்வொரு அடியின் நீளத்தையும் குறைத்துப் பாருங்கள். ஓய்விலும் வலி ஏறிக்கொண்டே போனாலோ பாதத்தைத் தூக்க முடியாவிட்டாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.